ஊசி போடுமுன் ஒரு கடிதம்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, ஊசி விஷயம். "நீ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுத்தானே தெம்பானாய், நானும் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறாய். என் கதை வேறு. எனக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும்படி விரைகளுக்குச் சொல்லும் எல்.எச். ஹார்மோன் அங்கிருந்துதான் வரவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுபோனது. வாரம் ஒருமுறை சவரம் செய்தாலே போதும் என்றானது, மாடிப்படி ஏறக்கூடத் தெம்பில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 1000 மில்லிகிராம் ஊசிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

உனக்கு எடுத்ததோ ஒரே ஒரு டெஸ்ட், அதுவும் சாயங்காலம், டிபன் சாப்பிட்ட பிறகு. 280 என்று குறைவாக வந்ததில் ஆச்சரியமில்லை. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும், சாப்பிட்டாலும் குறையும். வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும். எல்.எச். அளவும், பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் அளவும் தெரிய வேண்டும். உன் சுகரும் தொப்பையுமே இதைக் குறைத்திருக்கலாம். எடை இறங்கினால் அளவு தானாக ஏறும். உன் குறட்டையையும் டாக்டரிடம் சொல். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு ஊசி அதை மோசமாக்கலாம்.

மாரடைப்பு வருமோ என்று தங்கச்சி பயப்படுவதாக எழுதியிருந்தாய். 2023இல் வெளிவந்த, 5,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் சற்றே கூடின. ரத்தமும் கெட்டியாகும். அதனால்தான் எனக்கு அவ்வப்போது பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது உன் அக்கா மகன் பற்றி நீ எழுதிய ஒரு வரிதான். ஜிம்மில் அவனும் இதையே போடுகிறானாமே! கல்யாணமாகி ஒரு வருஷம்தான், குழந்தைக்குக் காத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் பிட்யூட்டரி "போதும்" என்று எல்.எச்.சை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். 1990இல் வெளிவந்த ஆய்வில் உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம் போட்டதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. ஆண்மை கூடும் என்று நம்பிப் போடும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் பல மாதம் ஆகும். அவனை ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப்போ. குழந்தை வேண்டுகிறவர்களுக்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம், அவனைத் திட்டாதே. நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்