இரண்டாவது செவ்வாய் வரை ஒரே ஒரு காட்சி: திரையரங்க உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்க உரிமையாளர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும்,

வணக்கம். நான் சலூன் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் விடுமுறை. ஊரே தியேட்டருக்குப் போகிற சனி, ஞாயிறுகளில் எங்களுக்கு உட்காரவே நேரம் இருக்காது. அதனால் வெள்ளிக்கிழமை வெளியாகிற ஒரு படத்தை நான் பார்க்க முடிகிற முதல் நாள் அதன் ஐந்தாம் நாள். நான் கேட்கப் போவது முழுக்க இந்த ஐந்தாம் நாளைப் பற்றித்தான்.

சமீபத்தில் வந்து போன ஒரு படம். ரவுடிகளின் கதை, ஆனால் சாவையும் துரோகத்தையும் காட்டிக்கொண்டே சிரிக்க வைக்கிற வகை. பெயரைச் சொல்லவில்லை. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தவிர, ஒரு படத்துக்காக மட்டும் நான் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை என் கடையில் முதலில் உட்கார்ந்தவர் மினி பஸ் கண்டக்டர். முந்தின நாள் இரவுக் காட்சி பார்த்துவிட்டு வந்திருந்தார். “அண்ணே, கொல்ல வந்தவன் கத்திய மறந்துட்டு வந்து, யாரக் கொல்லணுமோ அந்த வீட்டுலயே கத்தி கேக்குறான்ணே” என்று சொல்லும்போதே குலுங்கிச் சிரித்தார். கத்தரியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மதியம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பேரன் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போயிருக்கிறான். அவர் சொன்னதும் அதே காட்சிதான். “ஒருத்தன் சாகப் போறான், அரங்கம் முழுக்கச் சிரிக்குது. எனக்கு உடம்பு கூசிடுச்சுப்பா. என்னைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பயமா இருந்துது.” ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனார் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்குப் பிறகு உட்கார்ந்த கல்லூரிப் பையன் இரண்டு தடவை பார்த்திருந்தான். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை, பயமாகத்தான் இருந்தது என்றான்.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நல்ல படம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற படத்தைப் பற்றி யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார்கள். மோசம் என்றால் அரை நிமிடம். இந்தப் படத்தைப் பற்றி இரண்டு நாளும் பேச்சு ஓயவே இல்லை. ஆசிரியர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை, அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் சிரிப்பு நம்மை மரத்துப்போகச் செய்கிறதா, இல்லை சிரித்து முடித்த பிறகு குத்துகிறதா என்பதை நானே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள நினைத்தேன். என் மனைவிக்கும் அதே ஆசை. அவள் சாதாரணமாகப் படத்துக்குக் கிளம்புகிறவளே இல்லை.

செவ்வாய் மாலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் ஆன்லைனில் எடுத்தேன். எங்கள் ஊரிலிருந்து தியேட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு காட்சி ஓடிய படம் திங்கட்கிழமையே ஒரு காட்சியாகச் சுருங்கியிருந்தது. அந்த ஒன்றுக்குத்தான் போனோம். ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் கவுண்டரில் இருந்த தம்பி, “ஷோ கேன்சல்ண்ணே, ஆள் இல்ல. வேணும்னா பக்கத்து ஸ்கிரீன்ல மாத்தித் தரேன்” என்றார். கையில் டிக்கெட்டோடு எட்டுப் பேர் படியில் நின்றுகொண்டிருந்தோம். குறைந்தது பத்துப் பேராவது இருந்தால்தான் படம் போடுவார்களாம். எட்டுப் பேர் கேட்டும் மேனேஜர் வெளியே வரவில்லை. ஒருவர் மீதி இரண்டு டிக்கெட்டையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை. டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்தது. ஆன்லைன் கட்டணமும் இரண்டு பேரின் பஸ் செலவும் போனது போனதுதான்.

அந்தப் படியிலேயே நாங்கள் பேச ஆரம்பித்தோம். வயதான ஒருவர், மருமகன் படுமோசம் என்று சொன்னதால் வந்தேன் என்றார். மருமகனுக்கும் அவருக்கும் எந்தப் படத்திலும் ஒத்துப் போனதில்லையாம். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற இரண்டு பேர் ஏற்கெனவே பார்த்தவர்கள். ஒருவர் நன்றாயிருக்கிறது என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சண்டை போட்டு, மறுபடி பார்த்து முடிவு செய்யலாம் என்று சேர்ந்தே வந்திருந்தார்கள். ஏழரை மணிவரை நின்றோம். உள்ளே அந்தத் திரை இருட்டாகவே கிடந்தது. வேறு எந்தப் படமும்கூட அதில் ஓடவில்லை. “வாங்க, பஸ்ஸ விட்றப் போறோம்” என்று மனைவி கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். புதன்கிழமை படத்தையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததற்குக் காரணம், படத்துக்குக் “கலவையான விமர்சனம்”. உங்கள் தொழிலில் இது கெட்ட செய்தி என்பது எனக்குத் தெரியும். ஐயா, கலவையான விமர்சனம் என்றால் பாதிப் பேருக்குப் பிடித்திருக்கிறது என்றும் அர்த்தம். அந்தப் பாதிப் பேர் அடுத்தவரிடம் சொல்லி, அவர் கிளம்பி வருவதற்கு நாள் பிடிக்கும். நான்கு நாளில் அது நடக்காது. நான் கேட்பது இவ்வளவுதான். பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்து பேசுகிற ஒரு படத்துக்கு, இரண்டாவது செவ்வாய் வரை, அதாவது பன்னிரண்டு நாள், தினமும் ஒரே ஒரு காட்சி கொடுங்கள். ஆள் குறைவு என்று அதை ரத்து செய்யாதீர்கள்.

இது எனக்கு முதல் தடவை இல்லை. 2011இல் நான் வட சென்னையில் ஒரு சலூனில் வேலை பார்த்தேன். அந்த வருடம் ஜூன் 10ஆம் தேதி ‘ஆரண்ய காண்டம்’ வெளியானது. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். தணிக்கையில் 52 இடங்களில் வெட்டச் சொல்லி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடி வந்த படம். அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள் என்பது வேறு வருத்தம். கதை நடப்பது எங்களைச் சுற்றியிருந்த வட சென்னையில், ஒரே நாளில். வயதாகித் தளர்ந்துபோன ஒரு தாதா, அவரிடமிருந்து பிரிகிற அடியாள், நடுவில் ஒரு போதைப்பொருள் மூட்டை, அதில் வந்து மாட்டிக்கொள்கிற, வாழ்ந்து கெட்ட ஒரு அப்பாவும் அவருடைய சின்னப் பையனும். பாட்டுக்கு யாரும் வாயசைப்பதில்லை, யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை மட்டும்தான். நல்லவன் என்று கை நீட்டிக் காட்ட ஆளே இல்லை.

கடையில் அப்போதும் இதே சண்டைதான். எங்கள் பகுதியை ரவுடிகளின் ஊராகவே காட்டுகிறார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். அதில் உண்மை இருக்கிறது, எனக்கும் அந்தக் கோபம் உண்டு. கெட்ட வார்த்தை அதிகம், குடும்பத்தோடு உட்கார முடியாது என்றார்கள். இன்னும் சிலர், நாங்கள் பேசுவது போலவே படத்தில் ஆட்கள் பேசுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். நான் செவ்வாய்க்கிழமை போனேன், அன்று படம் இருந்தது. அரங்கில் இருபது பேர்கூட இல்லை. குடித்துவிட்டுச் சேவற்சண்டைக்கு வருகிற அந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவரை அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற பையனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதுவரை சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். ஒரு படம் என்னை அப்படிச் செய்ததே இல்லை. அடுத்த செவ்வாய் என் நண்பனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். படம் இல்லை.

2012 மார்ச்சில் தேசிய விருதுகள் அறிவித்தபோது சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதும், சிறந்த படத்தொகுப்பு விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. அன்று என் வாடிக்கையாளர்கள் பலர் இந்தப் படத்தை எங்கே பார்ப்பது என்று கேட்டார்கள். ஒரு தியேட்டரின் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சின்னத் திரையில் பார்த்தவர்கள். அந்தக் கூட்டம் உங்களுக்கு வந்திருக்க வேண்டிய கூட்டம்.

இந்த வகைப் படம் தமிழில் ஓடாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2013இல் ‘சூது கவ்வும்’, 2014இல் ‘ஜிகர்தண்டா’ இரண்டையும் நீங்களே ஓட்டிச் சம்பாதித்தீர்கள். நேர்மையானவன் தோற்று, திருடன் ஜெயிப்பதா என்று முதல் படத்தைக் கேட்டார்கள். பயங்கரமான மதுரை ரவுடியைக் கடைசியில் ஊர் சிரிக்கிற காமெடியனாக்கிவிட்டார்களே என்று இரண்டாவது படத்தின் பிற்பாதியைத் திட்டினார்கள். அந்தப் பாத்திரத்துக்குத்தான் பாபி சிம்ஹா தேசிய விருது வாங்கினார். அந்தப் படங்களைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் படம் தியேட்டரில் இருந்தது. சண்டை போட்டவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. கரண்ட் பில், ஏசி, ஆள் சம்பளம் எல்லாம் எட்டுப் பேரின் டிக்கெட்டில் வராது. நானும் கடை நடத்துகிறவன்தான். ஆனால் அந்தக் காலம் மாதிரி பெட்டி வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியதில்லை. படம் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது. இரண்டாம் வாரத்தில் வசூலில் உங்கள் பங்கு வழக்கமாகக் கூடும் என்பதும் என்னைவிட உங்களுக்குத் தெரியும். என் கடையில் ஒரு மதியம் முழுக்க யாரும் வராமல் போவது உண்டு. அதற்காக வாசலில் வந்து நிற்கிறவரை, இன்னும் ஒருவர் வந்தால்தான் முடி வெட்டுவேன் என்று நான் திருப்பி அனுப்பியதில்லை.

புதுப்படம் எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடியில் வர வேண்டும் என்று நீங்கள் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எட்டு வாரம் உரிமை கேட்கிற நீங்கள் எட்டு நாள்கூடப் படத்தை வைத்திருக்காவிட்டால், மீதி நாளெல்லாம் என்னைப் போன்றவர்கள் எங்கே போய்ப் பார்ப்பது? திருட்டுப் பிரதியை நான் இதுவரை தொட்டதில்லை. அந்த செவ்வாய் இரவு பஸ்ஸில் திரும்பும்போது பின் சீட்டில் ஒரு பையன் அதே படத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சொல்ல வந்தால் நிறைய இருக்கிறது. பெரிய நடிகரின் படம் என்றால் காலை ஒன்பது மணிக்கே கதவு திறக்கிறது, எல்லாத் திரையும் அதற்கே போகிறது. பாப்கார்ன் விலை டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டால் பாட்டிலைக் காட்டுகிறார்கள். ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையோடு வருகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. ஆசிரியர் ஐயாவுக்கு வந்த கோபத்தில் பாதி, தனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்து வந்ததுதான். சட்டப்படி நீங்கள் வாசலில் செய்ய வேண்டிய வேலை அது. அதைச் செய்யாமல், இந்த மாதிரிப் படமெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று படத்தைத் தூக்குவது எந்த வகையில் நியாயம்?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். குறை சொல்வது என் நோக்கம் இல்லை. தியேட்டர் இல்லாமல் எனக்குச் சினிமா இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறையில் இருபத்திரண்டு கிலோமீட்டர் வருகிறவனுக்கு உங்கள் மேல் அன்பு இருக்கிறது என்பதை நீங்கள் நம்பலாம். அந்த அன்போடுதான் மறுபடி கேட்கிறேன். இரண்டாவது செவ்வாய் வரை ஒரே ஒரு காட்சி. மாலைக் காட்சி முடியாது என்றால் மதியக் காட்சியாகவாவது கொடுங்கள், நாங்கள் வந்துவிடுவோம். நிச்சயம் உண்டு என்று முன்கூட்டியே ஆன்லைனில் போட்டுவிடுங்கள்.

படியில் நின்ற அன்று நாங்கள் எட்டுப் பேரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். அந்தப் படத்தை இன்னும் ஒரே ஒரு நாள் போடுவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எட்டுப் பேரும் வருவோம். ஆசிரியர் ஐயாவையும் மினி பஸ் கண்டக்டரையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். பத்துப் பேர் ஆகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அரங்குக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வர முடிகிற ஒரு சலூன் தொழிலாளி