குப்பனூர் இறக்கத்தில் வண்டி ஒதுக்க இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விழா நாட்களில் சேலம் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லி ஏற்காட்டுப் பாதையை ஒருவழி ஆக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். 20 கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஏரி, படகு, பக்கோடா பாயின்ட் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம், திரும்பப் போகிற பாதைதான் இந்த மலையிலேயே அழகானது என்று யாரும் சொல்வதில்லை. அது எப்படிப்பட்ட இறக்கம் என்றும் சொல்வதில்லை.

நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். கொட்டச்சேடு பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் பாருங்கள், மரப்பட்டையே கண்ணில் படாது. கோடை மழை ஒன்று விழுந்து எட்டு, பத்து நாள் கழித்துப் போனால் காபி பூத்துக் கிடக்கும். கண்ணாடியை இறக்கச் சொல்வேன். மல்லிகைத் தோட்டமா என்று கேட்பார்கள். (ஏசியை அணைக்க மனசு வராதவர்களும் உண்டு.) இன்னும் இறங்கினால் மரங்கள் விலகி, கீழே சமவெளி தெரியும். எல்லோருக்கும் அங்கேதான் போட்டோ ஆசை வருகிறது. ஒதுங்க இடமில்லாமல் வளைவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வருகிறவன் கதி?

பெட்ரோல் மிச்சம் என்று கியர் போடாமல் நியூட்ரலில் இறக்குகிறவர்கள் வேறு. வண்டியின் வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும். போன வருடம் ஒரு காரின் முன்சக்கரத்தில் புகை. குடும்பமே இறங்கி, குடிக்கிற தண்ணீரை அதில் ஊற்றப் போனது. ஓடிப்போய்த் தடுத்தேன். கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அரை மணி நேரம் சும்மா விட்டாலே ஆறிவிடும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிற பலருக்கு அதில் இறக்கத்துக்கான 'எல்' (லோ கியர்) என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இறக்கம் தொடங்கும் இடத்தில் இந்த கியர் பாடத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்கலாம். பெங்களூரு வண்டிகள் நிறைய வருவதால் கன்னடத்திலும் இருக்கட்டும். வளைவு முடிந்து பாதை நேராகும் இரண்டு மூன்று இடங்களில், நாலைந்து வண்டி ஒதுங்கும்படி ஓரத்தைச் சமப்படுத்தினால் போதும். மரம் எதையும் வெட்ட வேண்டாம். மே மாதத்துக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.