திரையில் வரும் விலையும் நம் கையெழுத்தும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டின் முகவரியைத் தட்டினாலே சில விநாடியில் கணினி அதன் விலையைச் சொல்லிவிடுகிறதே, நம் மதிப்பீட்டுத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இனி என்னதான் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். வந்த விலையைச் சோதிக்கச் சொல்லிக்கொடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரே அச்சில் கட்டிய வீடுகள், அடிக்கடி நடக்கும் விற்பனை, ஒழுங்கான பதிவேடு. இந்த மூன்றும் உள்ள இடத்தில் கணினியோடு போட்டி போடாதே. வீட்டை ஈடாக வைத்துக் கடன் குறைவாகக் கேட்கும் இடத்திலும் அப்படித்தான். மதிப்பு 100, கடன் 40 என்றால் 10 சதவீதப் பிழையால் யாரும் கவிழ்ந்துவிட மாட்டார்கள். கடன் 90 என்றால் அதே பிழை ஈட்டின் பாதுகாப்பை முழுசாகத் தின்றுவிடும். முதல் வகை வேலை நம் கையை விட்டுப் போகிறது, போகட்டும். இரண்டாவது வகையில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

கணினி தரும் தானியங்கி மதிப்போடு அதன் திட்ட விலக்கத்தையும், அதாவது அந்த எண் எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவையும், கேட்டு வாங்கு. மதிப்பு 100, விலக்கம் 10 என்றால், உண்மை விலை 90க்கும் 110க்கும் நடுவே இருக்க ஏறத்தாழ 68 சதவீதமே வாய்ப்பு. மூன்றில் ஒரு வீடு அதற்கு வெளியே விழும். திரையில் பெரிய எழுத்தில் ஒற்றை எண்ணைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

சோதனையை இப்படிச் செய்யலாம். அண்மையில் விற்ற ஒரு 200 வீடுகளை எடு. ஒவ்வொன்றுக்கும், விற்பனை விளம்பரம் வருவதற்கு முந்தைய நாளில் கணினி சொன்ன மதிப்பை மட்டும் எடுத்துக்கொள். விளம்பரம் வந்துவிட்டால் கேட்கும் விலையைப் பார்த்து அது தன் எண்ணை நகர்த்திக்கொள்ளும்; விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் தேர்வுதான் அது. அமெரிக்காவின் வீட்டு விலைத் தளமான சில்லோ நிறுவனம் தன் மதிப்பீட்டுக்குச் சொல்லும் இடைநிலைப் பிழையையே (பாதி வீடுகளுக்குப் பிழை இதற்குக் கீழே, பாதிக்கு மேலே) பார். விற்பனைக்கு வந்த வீடுகளுக்கு சுமார் 2 சதவீதம், வராதவற்றுக்கு சுமார் 7. பெரும்பாலும் அந்த இடைவெளிதான் திருட்டுத்தனமாகப் பார்த்த விடை.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் கணினி மதிப்பை விற்ற விலையால் வகு. அந்த விகிதங்களின் இடைநிலையைக் கண்டுபிடி. ஒவ்வொரு விகிதமும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சராசரி எடுத்து, இடைநிலையால் வகுத்து 100ஆல் பெருக்கு. இதுதான் சி.ஓ.டி., விகிதங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. குடியிருப்புகளுக்கு 5 முதல் 15 வரை இருக்கலாம் என்கிறது, வரி மதிப்பீட்டு அலுவலர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.ஏ.ஏ.ஓ.வின் தரவிதி. 5க்குக் கீழே வந்தால் மகிழ்ச்சியடையாதே, விற்ற விலையை யாரோ முன்கூட்டியே உள்ளே ஊட்டியிருக்கலாம். அடுத்து பி.ஆர்.டி., மலிவான வீட்டையும் விலையுயர்ந்த வீட்டையும் ஒரே தராசில் நிறுக்கிறதா என்பதன் அளவு: விகிதங்களின் எளிய சராசரியை, மொத்த மதிப்பை மொத்த விலையால் வகுத்த எண்ணால் வகு. 0.98 முதல் 1.03 வரை ஏற்கலாம். அதற்கு மேல் போனால் மலிவான வீடுகளைக் கூட்டியும் விலையுயர்ந்தவற்றைக் குறைத்தும் சொல்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் நடுவுக்கு இழுப்பது இந்தக் கணக்குகளின் பிறவிக் குணம். சராசரிப் பிழை அழகாக இருக்கும்போதே இந்தக் கோணல் உள்ளே ஒளிந்திருக்கும்.

பத்திரத்தில் எழுதும் விலையும் கைமாறும் பணமும் ஒன்றாக இல்லாத ஊர்களில் இந்தச் சோதனைக்கே அடித்தளம் இல்லை. அங்கே கணினி பொய்யைத்தான் துல்லியமாகக் கற்றுக்கொள்ளும்.

மேலும், பிழை எப்போதும் இரண்டு பக்கமும் சமமாக வந்து சேராது. கணினி சொன்ன விலைக்கே வாங்குகிறேன் என்று நீ அறிவித்தால், அதிகமாக மதிப்பிடப்பட்ட வீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள், குறைவாக மதிப்பிடப்பட்டவர்கள் வர மாட்டார்கள். சில்லோ வீடு வாங்கி விற்கும் பிரிவை 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தபோது, அந்த ஒரு காலாண்டில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கும் மேல் குறைத்து எழுத வேண்டிவந்தது. விலைப் போக்கைக் கணிக்க முடியவில்லை என்றார்கள். இந்த ஒருபக்கச் சாய்வுக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அறிக்கை எழுதும் ஏஐ வேறு ரகம். நாற்பது பக்க ஆவணத்திலிருந்து எல்லைகளையும் பரப்பளவையும் எடுத்துத் தருவதில் கெட்டிக்காரன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதிரி வீடுகளின் விற்பனை மூன்று கேட்டு இரண்டுதான் கிடைத்தால், மூன்றாவதைத் தானே கற்பனையாக உண்டாக்கிப் போட்டுவிடும். கட்டிய பரப்பையும் உள்பரப்பையும் குழப்பும். எடுக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்க எண்ணைக் கேள், அந்தப் பக்கத்தை ஒருவர் கண்ணால் பார்க்கட்டும், கூட்டல் கழித்தலை விரிதாளில் செய். வாடிக்கையாளர் ஆவணத்தை யாரும் பயன்படுத்தும் பொது ஏஐ சேவையில் ஏற்றவே ஏற்றாதே.

களத்துக்குப் போகிறவன் எதைப் பார்ப்பான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச் சுண்ணாம்புக்கு அடியில் ஈரம், வரைபடத்தில் இருந்தும் வண்டி போக முடியாத பாதை, அண்ணன் தம்பிக்குள் நடந்த விற்பனை. அகலக் கோண லென்ஸ் எடுத்த படத்தில் இது எதுவும் விழாது.

2025 ஜனவரி 31 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டு மதிப்பீட்டுத் தரங்களும் இதைத்தான் சொல்கின்றன: மதிப்பீட்டாளரின் தொழில்முறைத் தீர்ப்பு சேராமல் எந்தக் கணினி மாதிரியும் அந்தத் தரத்துக்கு உட்பட்ட மதிப்பீட்டைத் தர முடியாது. ஆனால் எதையும் பார்க்காமல் திரை எண்ணுக்குக் கீழே கையெழுத்து மட்டும் போடுவது தீர்ப்பு ஆகாது. அப்படிப் போடுகிறவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பிள்ளைகளிடம் அந்த 200 வீட்டுக் கணக்கைக் கொடுத்துப் பார். பி.ஆர்.டி. எவ்வளவு வந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்