செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரத்துக்கு வந்துவிட்ட உறுப்பினர்களுக்கும், டீ வேளைக்கு வரப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

சேலத்து டிசைனர்கள், டிடிபி சென்டர்கள், ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் சேர்ந்த நமது சங்கம் இந்த ஆண்டு 11 மாதக் கூட்டங்கள் நடத்தியது. டிசம்பர் கூட்டம் கோரம் இல்லாமல் கலைந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. ஏற்காடு சுற்றுலாவுக்கு இரண்டு வேன் போதவில்லை. 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

‘அடுத்து என்ன வரப்போகிறது’ என்ற தலைப்பில் நான்கு ஞாயிறு வகுப்புகள் வைத்தோம். முதல் வகுப்புக்கு 19 பேர் வந்தார்கள். கடைசி வகுப்புக்கு 5 பேர், அதில் ஒருவர் ஹால் சாவி வைத்திருந்தவர். வராதவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராத்திரி பத்தரைக்கு போன் போட்டுக் கேட்பவர்களும் அவர்கள்தான்.

வாடிக்கையாளர் இப்போது அச்சுக்கு முன்னால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத்தான் கேட்கிறார். 1080க்கு 1920 பிக்சல் அளவு, நின்ற வாக்கில், எழுத்து நகர வேண்டும். கல்யாணப் பத்திரிகை முதல் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை விளம்பரம் வரை இதே கதைதான். நம்மில் பாதிப் பேர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறோம். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைதான் வரும். எந்த போனிலும் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறாமல் இனி தள்ள முடியாது. மெல்லியதிலிருந்து தடித்தது வரை எல்லா எடையும் ஒரே கோப்பில் அடங்கும் ‘வேரியபிள்’ எழுத்துருவை அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்தது 2016ல். நோட்டோ சான்ஸ் தமிழ் அந்த வகையில் இலவசமாகவே கிடைக்கிறது. நாம்தான் இன்னும் இறக்கிக்கொள்ளவில்லை.

நிறம் பற்றிய வகுப்பில் ஒரு சிரிப்பு. நிறங்களுக்குத் தரம் வகுக்கும் பான்டோன் நிறுவனம் 2025ம் ஆண்டின் நிறமாக ‘மோக்கா மூஸ்’ என்று ஒரு பழுப்பை அறிவித்தபோது, நமக்கு ஏற்காடு காபி நிறம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். 2026க்கு ‘கிளவுட் டான்சர்’, அதாவது வெள்ளை. ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் எழுந்து, “தம்பி, வெள்ளைக்கு நம்மகிட்ட மை ஏது? பேப்பரை அப்படியே கட்டிக் கொடுத்துட்டு பில் போட்டுடலாமா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

படம் வரையும் ஏஐ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நமது ஆண்டு விழா அழைப்பிதழே சாட்சி. ‘விழா’வில் ழகரத்துக்கு இரண்டு வால் முளைத்திருந்தது. அதை அடித்து 200 பேருக்கு அனுப்பியும் விட்டோம். செய்தவர் பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் இருக்கிறார். பார்க்காமல் சரி என்று சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு.

இதிலிருந்துதான் பழைய கடைப் பலகைகளைப் படம் எடுத்த வேலைக்கு வருகிறேன். அதில் பணம் வீணானது என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள், ஆகவே விவரமாகவே சொல்கிறேன். எல்லோர் கையிலும் ஒரே கருவி இருப்பதால் எல்லோர் டிசைனும் ஒரே பளபளப்பில் வருகிறது. அதனால்தான் வெளியில் கையால் எழுதிய எழுத்து, பிரஷ் தடம், மை பிசிறு எல்லாம் திரும்பி வருகின்றன. அந்தச் சரக்கு நம் ஊர்ச் சுவரிலேயே கிடக்கிறது. குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, கோட்டைப் பக்கம் என்று பதினாறு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் சுற்றி, கையால் எழுதிய 143 கடைப் பலகைகளைப் படம் எடுத்திருக்கிறேன். கூட வருகிறேன் என்று கை தூக்கியவர்கள் 12 பேர். வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் ஒரே ஒரு வாரம்.

குகையில் பூட்டிய மாவு மில் ஒன்றின் தகரப் பலகையில் ‘விற்பனை’ என்ற சொல்லில் னை, இன்றைய தனிக் கொம்புக்குப் பதில் எழுத்தோடு ஒட்டிச் சுழியும் பழைய தும்பிக்கை வடிவில் இருக்கிறது. 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது போன வடிவம் அது. ஆகவே பலகை அதற்கு முந்தியது, அல்லது எழுதியவர் கை புதுசுக்கு மாறவில்லை. அந்தத் தும்பிக்கை சுழித்து இறங்கும் இடத்தில் பிரஷை அழுத்தித் திருப்பிய தடம் எனாமல் பெயிண்டில் இன்னும் மேடாக நிற்கிறது, விரலை வைத்தால் தெரிகிறது. மறு வாரம் நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று போனேன். மேலே புது ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். அடித்துக் கொடுத்தது நம் உறுப்பினர் கடை.

ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷைக் கீழே வைத்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன் ஒருவரை மூன்றாவது வகுப்புக்கு அழைத்திருந்தோம். சார்ட்டில் ‘சேலம்’ என்று ஒரே மூச்சில் எழுதினார், கோடு கூடப் போடவில்லை. அதை ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் படமாக்கி ஒரு ஸ்வீட் கடைக்குக் கொடுத்த இளைய உறுப்பினர் வாங்கிய தொகை, என் கடையில் ஒரு வார ஃப்ளெக்ஸ் வரும்படி. அண்ணனுக்குப் பாதி கொடுத்தாரா என்று நான் கேட்டேன். கொடுத்தாராம்.

இத்தனைக்கும் ஆன செலவு பெட்ரோல், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து ரூ. 4,350. பெட்ரோல் ரசீது ஏன் இரண்டு குறைகிறது என்று பொருளாளர் கேட்டார். மழையில் நனைந்து போயிற்று, அவ்வளவுதான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 84 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 37 பேர். பாக்கி உள்ளவர்களில் சிலர் சுற்றுலா வேனில் ஜன்னல் சீட் பிடித்தவர்கள்.

ஹால் தந்த உரிமையாளருக்கும், தலைவருக்கும், டீ கொடுத்த தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அந்த 143 பலகைகளிலிருந்து ஒரு எழுத்துருவாவது செய்ய ஆசை. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சாவியையும் ஹார்ட் டிஸ்க்கையும் இன்றே ஒப்படைக்கத் தயார். இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை. அப்புறம், வாசலில் டிபன் மேசைக்குப் பக்கத்தில் சந்தாவுக்கான க்யூஆர் அட்டை வைத்திருக்கிறேன். புது டிசைன், ஓரத்தில் அந்தத் தும்பிக்கை னை வரும். ஸ்கேன் ஆகிறதா என்று போகும்போது 47 பேரும் சோதித்துப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.