ஏசி பொருத்தும்போது வேக்கம் பம்ப் வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் கேட்கும் புலம்பல், "வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருக்கு" என்பது. ஏசியின் கேஸ் தேய்ந்து தீரும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, பஞ்சர் ஒட்டாமல் காற்றடிப்பதுதான்.

கசிவுக்கு வித்து பெரும்பாலும் பொருத்திய அன்றே விழுந்துவிடுகிறது. செப்புக் குழாயை வெட்டியதும் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை, குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து நீக்கிய பிறகே ஃபிளேர் அடிக்க வேண்டும், அதாவது குழாய் முனையைப் புனல்போல் விரிக்க வேண்டும். நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை. கால் அங்குலக் குழாய்க்கு ஏறக்குறைய 16 நியூட்டன் மீட்டர் போதும்; கைபலத்தைக் காட்டினால் ஃபிளேர் விரிந்து கிழியும். கசிவுச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே. வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும், உயிரே போகும்.

அடுத்தது வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. அதைச் செய்யாமல், வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட்டில் உள்ள கேஸையே சில விநாடி திறந்துவிட்டு, "காத்து போயிடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். மிச்சக் காற்று அழுத்தத்தை ஏற்றி மின்செலவைக் கூட்டும். ஈரம் எண்ணெயில் அமிலமாகி, கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கைக் கெடுக்கும். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 என்ற கேஸ் தீப்பற்றக்கூடியதும்கூட. பம்பை அரைமணி நேரமாவது ஓட்டி, உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை மைக்ரான் அளவில் காட்டும் மைக்ரான் மீட்டரில் 500க்குக் கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். அளவு சற்று ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் கசிவு. சாதாரண கேஜின் முள்ளால் இந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது.

ஏசியின் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், அதன் முனை வாளித் தண்ணீரில் மூழ்கக் கூடாது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். நம் ஊர்த் தொல்லை வேறு: கிரானைட் பட்டறைத் தூசி அவுட்டோர் தகடுகளில் அப்பிக்கொள்கிறது. உப்புப் போர்வெல் தண்ணீரால் கழுவினால் காய்ந்த பின் வெள்ளைப் படிவு தங்கி, வெப்பம் வெளியேறாது. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, உப்பில்லாத தண்ணீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக அடிக்க வேண்டும்.

'இலவச இன்ஸ்டலேஷன்' தரும் கடைகள், எத்தனை மைக்ரான் வந்தது, கூடுதலாக எத்தனை கிராம் கேஸ் எடைபோட்டு ஏற்றப்பட்டது என்ற இரண்டையும் பில்லில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக்குகள் சிலர்,
கிருஷ்ணகிரி.