கையால் கட்டிய விமானத்துக்கும் வழி விடுங்கள்: விமானப் போக்குவரத்து ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக நாடுகளின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையங்களில் அனுமதி வழங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். சொந்தக் கையால் ஒரு சிறிய விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இருக்கை, ஒற்றை எஞ்சின், அலுமினிய உடல். கட்டி முடித்து, சோதனைப் பறத்தலும் முடிந்த பிறகு இதில் தனியாக உலகைச் சுற்றிவர ஆசை. கட்டுகிற வேலை எனக்கு மலைப்பாக இல்லை. பொறுமை இருந்தால் அது நடந்துவிடும். உங்கள் மேஜைக்கு வரவேண்டிய விண்ணப்பங்களை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

இந்தச் சிக்கலின் வேர் 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையில் இருக்கிறது. சர்வதேசத் தரத்துக்கு ஏற்ப ஒரு நாடு தன் விமானத்துக்குத் தரும் பறக்கும் தகுதிச் சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று அதன் 33-ஆம் பிரிவு சொல்கிறது. தொழிற்சாலையில் செய்த விமானத்துக்கு அது போதும். வீட்டில் கட்டியவற்றுக்குக் கிடைப்பதோ சிறப்புச் சான்றிதழ். சில நாடுகளில் சோதனை வகை என்பார்கள், சில நாடுகளில் பறக்க அனுமதிச் சீட்டு என்பார்கள். அதற்கு எல்லை தாண்டித் தானாக மதிப்பு கிடைப்பதில்லை. அதனால் போகும் வழியில் உள்ள பெரும்பாலான நாடுகளிடம் தனித்தனியாகக் கேட்டு நிற்க வேண்டும்.

இது யாரும் செய்யாத காரியம் இல்லை. 1976-ல் டான் டெய்லர், தான் கட்டிய தார்ப் டி-18 விமானத்தில் உலகைச் சுற்றினார். வீட்டில் கட்டிய விமானம் ஒன்று உலகைச் சுற்றியது அதுதான் முதல் முறை. ஆஸ்திரேலியாவின் ஜான் ஜோஹான்சன் தான் கட்டிய ஆர்வி-4 விமானத்தில் மூன்று முறை சுற்றினார். அமெரிக்காவின் பில் ஹாரல்சன் தான் கட்டிய லான்கேர்-4 விமானத்தில் இரு துருவங்களுக்கும் மேலாகவே பறந்து வந்தார். அரை நூற்றாண்டு ஆகியும் எங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் முதல் தடவை பார்ப்பது போலவே பார்க்கிறார்கள்.

ஓர் ஆணையத்துக்கு முன்கூட்டியே எழுதி விசாரித்தேன். வகைச் சான்றிதழின், அதாவது ஒரு மாடலின் வடிவமைப்பை ஏற்று அதன் தயாரிப்பாளருக்கு அரசு தரும் சான்றிதழின், நகலை அனுப்பச் சொன்னார்கள். இப்படிப்பட்ட விமானத்துக்கு வகைச் சான்றிதழே கிடையாது, தயாரிப்பாளர் என்ற இடத்தில் பதிவாகியிருப்பது என் பெயர்தான் என்று விளக்கி எழுதினேன். அதே பதில் மறுபடியும் வந்தது. அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் எனக்கான கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் நிறைய இருக்கிறது. இந்த விமானத்தில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு துளையின் பிசிறையும் நீக்கி, ஒவ்வொன்றையும் அடித்து, தலை சாய்ந்தவற்றைத் துளையிட்டு எடுத்து மறுபடி அடித்திருக்கிறேன். மூடுவதற்கு முன் இறக்கையின் உள்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எந்தக் குழாய் எந்த வளைவில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். தேதி போட்ட வேலைக் குறிப்பேடு இருக்கிறது, ஆய்வாளர் வந்து பார்த்த பதிவும் இருக்கிறது. இதையெல்லாம் கேளுங்கள், சந்தோஷமாகத் தருகிறேன்.

எரிபொருள் கணக்கையும் கேளுங்கள். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஏறத்தாழ 3,800 கி.மீ. நடுவில் இறங்க ஒரு தீவுகூட இல்லை. என் வேகத்தில் அது 14 மணி நேரப் பயணம். மணிக்கு 30 லிட்டர் என்றால் 420 லிட்டர், கையிருப்பும் சேர்த்தால் 500. இறக்கைத் தொட்டிகள் கொள்வது 160 லிட்டர்தான். மிச்சம் 340 லிட்டரை, பயணி இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே வைக்கும் கூடுதல் தொட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். அது கிட்டத்தட்ட 245 கிலோ. ஓடுபாதையில் ஓட வேண்டிய தூரம் கூடும், மேலேறுவது மந்தமாகும். எரிபொருள் தீரத் தீர எடையின் மையமும் நகரும். எந்தத் தொட்டியை எப்போது திறக்க வேண்டும் என்பதுவரை கணக்குப் போட்டு, கூடுதல் தொட்டியில் பாதிச் சுமை, முக்கால் சுமை என்று படிப்படியாகப் பறந்து பார்த்துத்தான் கடலுக்கு மேல் போக வேண்டும். இப்படிப் பறந்து பார்த்த பதிவு விண்ணப்பதாரரிடம் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாதுகாப்புக்கு இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இனி, என்னை இந்த மடலை எழுத வைத்த விஷயம். பல நாடுகளில் வான்வெளி அனுமதி, குறித்த நேரத்திலிருந்து 72 மணி நேரம்தான் செல்லும். கால அட்டவணைப்படி பறக்கும் ஜெட்டுக்கு அது தாராளம். எங்கள் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கையில் படியும் பனிக்கட்டியை நீக்கும் கருவி கிடையாது. உறைநிலைக்குக் கீழே இருக்கும் ஈரமேகத்துக்குள் போனால் சில நிமிடங்களில் இறக்கை கனத்து, தூக்குவிசை போய்விடும். அதனால் வடபசிபிக்கிலோ வட அட்லாண்டிக்கிலோ தெளிந்த வானத்துக்காக ஐந்து நாள், பத்து நாள் காத்திருப்பதுதான் சரி. அப்படிக் காத்திருந்தால் அடுத்தடுத்த நான்கைந்து நாடுகளின் அனுமதியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகிவிடும். நாளைக்குள் கிளம்பாவிட்டால் மாதக்கணக்கில் வாங்கிய அனுமதிகள் எல்லாம் வீண் என்ற நிலையில், மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் தனியாக நிற்கிறார். பக்கத்தில் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு விமானி இல்லை. பாதுகாப்புக்காக வைத்த கெடுவே அந்த நேரத்தில் அவரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது. 2003 டிசம்பரில் ஜோஹான்சன் தென் துருவத்துக்கு மேலே பறந்தபோது எதிர்க்காற்றில் எரிபொருள் போதாமல் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ ஆய்வுத் தளத்தில் இறங்கினார். அங்கிருந்த தளங்கள் அவருக்கு எரிபொருள் விற்க மறுத்தன. பாலி வாச்சர் என்ற பிரிட்டிஷ் பெண் விமானி தன் பயணத்துக்காக அங்கே சேமித்து வைத்திருந்ததைக் கொடுத்ததால்தான் திரும்ப முடிந்தது. ஜோஹான்சன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அந்த மறுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். என் பயணத்தின் சுமையை அடுத்தவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு, உயிர்காப்புப் படகு, குளிர்நீர் உடை, 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி, செயற்கைக்கோள் தொலைபேசி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எரிபொருளுக்கு முன்னேற்பாடு, இவை இல்லாதவருக்கு அனுமதி தராதீர்கள். என்னிடம் இல்லையென்றால் எனக்கும் தராதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் கட்டிய விமானங்களுக்கான நிபந்தனைகளை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒரு நாடு ஆய்வு செய்து ஏற்ற ஆவணத் தொகுப்பை அடுத்த நாடும் ஏற்கட்டும். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஒரு நாட்டில் செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டோடு வரும் இத்தகைய விமானங்களைத் தங்கள் உறுப்பு நாடுகள் ஏற்கலாம் என்று ஐரோப்பிய சிவில் விமானப் போக்குவரத்து மாநாடு 1980-லேயே பரிந்துரைத்தது. அப்புறம், அந்த 72 மணி நேரத்தை இப்படிப்பட்ட பயணங்களுக்கு மட்டும் 30 நாளாக்குங்கள். கிளம்பும் முந்தின நாள் தகவல் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள், கட்டாயம் சொல்கிறோம்.

என் விமானத்துக்கு இன்னும் இறக்கை பொருத்தவில்லை. அது முடிந்து, எஞ்சின் ஓடி, சோதனைப் பறத்தலுக்கான மணி நேரமும் நிறைவடைய வேண்டும். அதற்குள் உங்களில் ஒரு நாடாவது அந்தப் படிவத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ‘கட்டியவர்’ என்று இன்னொரு கட்டம் சேர்த்திருந்தால், என் முதல் விண்ணப்பம் அந்த நாட்டுக்குத்தான் வரும்.

மரியாதையுடன்,
விமானம் கட்டும் ஒருவர்