அரும்பு குரூப்னா அவமானம் இல்லீங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணாங்க, பேர் வேணாம். "என்னங்க சார், நாலாவது படிக்கிற புள்ளைய இங்கிலீஷுக்கு அரும்புல உக்கார வச்சிருக்கீங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு மலர்ல இருக்கு, தெருவுல தல காட்ட முடியல"ன்னாங்க. அரும்புன்னா அடிப்படைல இருந்து ஆரம்பிக்கிற குரூப், மலர்னா மேல இருக்குற குரூப். நான் ஏதோ சொல்லி சமாளிச்சுட்டேன், அப்புறம் யோசிச்சா போன் பண்ணாதவங்க மனசுலயும் இதேதான் ஓடும்னு தோணுச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், ராத்திரி சாப்பிட்டுட்டு பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு பையன் கதை. இப்ப அவன் நம்ம ஸ்கூல்ல இல்ல, படிச்சு முடிச்சு போயிட்டான். இங்கிலீஷ் முதல் பாடத்த கடகடன்னு ஒப்பிப்பான், கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எங்க டீச்சருக்கே அவன்மேல தனி பாசம். ஒரு நாள் நான் சும்மா நாலாவது வரியில நடுவுல இருக்குற ஒரு வார்த்தைல விரல வச்சு இது என்னடான்னு கேட்டேன். பையன் மேல முதல் வரிக்குப் போயி, வாய்க்குள்ளயே மொணமொணன்னு சொல்லிட்டே விரல நகத்தி நகத்தி நாலாவது வரி வரைக்கும் வந்து "வென்ட்"னான். பஸ்ஸுல ஏறுன இடத்துல இருந்து ஒவ்வொரு ஸ்டாப்பா எண்ணி எண்ணி எறங்குற இடத்த கண்டுபிடிப்பாங்களே, அந்த மாதிரி. அதே வார்த்தைய தனியா போர்டுல எழுதினேன், முழிச்சான். மூணு வருஷமா நாங்க எல்லாரும் அவனுக்குப் படிக்கத் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தோம்.

அவன்மேல தப்பு இல்லீங்க. தமிழ்ல பந்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ப தான், காதுக்கு வித்தியாசம் தெரியும் ஆனா எழுதுறது ஒண்ணு. இங்கிலீஷ்ல அது ரெண்டு தனி எழுத்து. பன்னிக்கு இங்கிலீஷ்ல பிக், பெருசுக்கும் பிக், பாருங்க நானே ரெண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கு! எழுத்து 26 தான், ஆனா சத்தம் கிட்டத்தட்ட 44. அந்த சத்தத்த எழுத்தோட சேத்து சொல்லிக் குடுக்காம நேரா பாடத்துக்குப் போனா புள்ள மனப்பாடம்தான் பண்ணும், வேற என்ன பண்ணும். இன்னொண்ணு, இஸ்கூல் இஸ்டேஷன்னு சொன்னா சிரிக்காதீங்க. தமிழ்ல வார்த்தை மெய்யெழுத்துல ஆரம்பிக்காது, நாக்கு தானா ஒரு இ சேத்துக்குது, அவ்ளோதான்.

அதனாலதான் அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ள எந்த வகுப்புன்னு பாக்காம எந்த எடத்துல நிக்குதுன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறோம். இந்த யோசனை புதுசு இல்ல. 2001 வாக்குல மும்பைலயும் வதோதராவுலயும் பிரதம்ங்கிற அமைப்பு, பின்தங்குன புள்ளைங்கள தினமும் கொஞ்ச நேரம் தனியா கூட்டிட்டுப் போயி அந்த ஏரியா பொண்ணுங்கள வச்சே அடிப்படைய சொல்லிக் குடுத்தாங்க, பால்சகின்னு பேரு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ எல்லாம் அத பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா அளந்து பாத்து மார்க் நல்லா ஏறுதுன்னு காட்டுனாங்க, 2019ல பொருளாதார நோபல் வாங்குன அதே ரெண்டு பேருதான். நம்ம ஊர்லயும் நடந்துச்சே, கொரோனா முடிஞ்சு கோயில் திண்ணைல சாயந்தரம் இல்லம் தேடிக் கல்வி கிளாஸ். தமிழ்நாட்டு கிராமங்கள்ல சுமார் 19,000 புள்ளைங்கள சோதிச்சுப் பாத்த ஆராய்ச்சில, ஸ்கூல் மூடியிருந்தப்ப தமிழ்லயும் கணக்குலயும் விட்டதுல மூணுல ரெண்டு பங்கு ஸ்கூல் தொறந்த ஆறே மாசத்துல திரும்ப வந்துருச்சுன்னும், அதுல ஏறக்குறைய கால் பங்கு அந்த சாயந்தர கிளாஸாலன்னும் சொல்றாங்க. திண்ணைல உக்காந்து சொல்லிக் குடுத்த அந்தப் பொண்ணுக்கு இத நான் நேர்ல போயி சொன்னேன், நம்பவே இல்ல.

சரி, எங்க தப்பையும் சொல்லிடுறேன். போன வருஷம் குரூப் பேரையும் புள்ளைங்க பேரையும் சார்ட்ல எழுதி செவுத்துல ஒட்டிட்டோம். ஒரே வாரத்துல "டேய் அரும்பு"ங்கிறது திட்டு வார்த்தை ஆயிருச்சு. ஒரு பொண்ணு தெனமும் இங்கிலீஷ் பீரியட் வந்தா வயித்துவலின்னு சொல்லும். சார்ட்ட கிழிச்சாச்சு, ஆனா கிண்டல் அவ்ளோ சீக்கிரம் போகல. பயந்த புள்ள வாயத் தொறக்காது, வாயத் தொறக்காத புள்ளைக்கு எந்த மொழியும் வராது.

இதுக்கு ஒரு வழி கிடைச்சுது. 1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் ஊருல, வெள்ளைக்கார, கறுப்பின, மெக்சிகன் புள்ளைங்கள ஒரே ஸ்கூல்ல சேத்தப்ப ஒரே அடிதடி. எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் என்ன பண்ணாருன்னா, பாடத்த துண்டு துண்டாக்கி குரூப்ல ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாரு, அவங்கவங்க துண்ட அவங்கவங்கதான் மத்தவங்களுக்கு சொல்லணும், வேற எங்கயும் கிடைக்காது. தடுமாறி இங்கிலீஷ் பேசுன ஒரு மெக்சிகன் பையன முதல்ல நக்கல் பண்ணவங்க, இவன் சொல்லலன்னா நமக்குத்தான் மார்க் போகும்னு புரிஞ்சதும் மெதுவா கேள்வி கேட்டு கேட்டு அவன்கிட்ட இருந்து வாங்க ஆரம்பிச்சாங்களாம். நாங்களும் இப்ப வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன இங்கிலீஷ் கதைய நாலா வெட்டி பண்றோம், அரும்பும் மலரும் கலந்து. அரும்புக்கு ரெண்டு வரிதான் வரும், ஆனா கதையோட முடிவு அந்த ரெண்டு வரியிலதான் இருக்கும், அத நான் வேணும்னே அப்படி வெட்டுறேன். போன வெள்ளி அந்த வயித்துவலிப் பொண்ண சுத்தி மூணு பேரு "சொல்லுடி சொல்லுடி"ன்னு கெஞ்சிட்டு இருந்தாங்க, அது வேணும்னே லேட் பண்ணுது.

வீட்டுல உங்களால ஆகுறது ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ் தெரியலயேன்னு நெனக்காதீங்க, ஸ்போக்கன் இங்கிலீஷ் டியூஷனுக்கு காசு கட்டவும் வேணாம். இன்னைக்கு என்ன கதைன்னு கேளுங்க, புள்ள தமிழ்லயே சொல்லட்டும், நடுவுல "அப்புறம் என்னாச்சு, ஏன் அப்படி பண்ணுச்சு"ன்னு கேளுங்க. கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒருத்தர் 1979லயே எழுதுனாரு, தாய்மொழில நல்லா படிச்சுப் புரிஞ்சுக்குற புள்ளைக்கு அந்தத் திறமை ரெண்டாவது மொழிக்கும் உதவும்னு. அதனால தமிழ்ல பேசுனா இங்கிலீஷ் கெட்டுப்போகும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. அப்புறம் கெஞ்சிக் கேக்குறேன், பக்கத்து வீட்டுப் பொண்ண இழுக்காதீங்க.

வர்ற வெள்ளி மூணு மணிக்கு முடிஞ்சவங்க வந்து பின்னாடி உக்காந்து பாருங்க, நூறு நாள் வேலை இருக்குறவங்க அடுத்த வாரம் வாங்க. வரும்போது கிழிச்சுப் போட்ட தினசரி காலண்டர் தாள் இருந்தா கொண்டு வாங்க, பின்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, வார்த்தை கார்டு வெட்ட ஆகும். அந்த போன் பண்ண அம்மா கண்டிப்பா வரணும், உங்க பையன்கிட்டதான் இந்த வாரம் கதையோட முடிவு இருக்கு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்